கிட் வாங்குவது இருக்கட்டும், முதலில் காதால் கேளுங்கள்

கேள்வி: மதுரையில் மூன்றாவது மாடி அடுக்ககத்தில் இருக்கிறேன். ஹாம் ரேடியோ ஜெனரல் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. மொட்டைமாடியில் பெரிய ஆன்டெனா கட்டச் சங்கத்தில் விடவில்லை. சேட்டிலைட் வழியாக வெளிநாட்டு ஹாம்களோடு பேசலாம் என்று யோசனை. ஒருவர் 'எல்லாம் அடங்கிய சேட்டிலைட் கிட்' 85,000 ரூபாய்க்குத் தருகிறார். பிரேசில் வரை பேசலாமாம். கூடவே, புதிதாக ஓர் இந்திய ஹாம் சேட்டிலைட் வரப்போகிறது, அதற்கு 10,000 ரூபாய் நிதி கொடுத்தால் எனக்கு முன்னுரிமை உண்டு என்கிறார். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். இரண்டையும்தான்.

அந்த 'முன்னுரிமை'யை முதலில் முடித்துவிடுகிறேன், அதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் வானொலி, என்றால் என்ன என்பதற்கு ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ வைத்திருக்கும் விளக்கத்திலேயே, பண ஆதாயம் இல்லாமல் சொந்த ஆர்வத்தில் செய்வது என்று இருக்கிறது. ஹாம் அலைவரிசையில் பறக்கும் சேட்டிலைட்டில் யாருக்கும் இடம் ஒதுக்க முடியாது. உரிமம் உள்ள எவரும், எந்த நாட்டிலிருந்தும், அது தலைக்கு மேல் வரும்போது பேசலாம். வைகையில் தண்ணீர் வந்தால் முதல் குடம் உங்களுக்குத்தான் என்று டோக்கன் விற்பவரிடம் வாங்குவீர்களா?

பிரேசில் விஷயம் முழுப் பொய் இல்லை. பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து. அவர் சொல்வது க்யூஓ-100 என்ற ஒன்றை. தனி சேட்டிலைட் அல்ல அது; கத்தாரின் எஸ்ஹைல்-2 என்ற டிவி சேட்டிலைட்டில் ஓரமாக ஏற்றிவைத்த ஹாம் கருவி. 2018 நவம்பர் 15 அன்று ஃபால்கன்-9 ராக்கெட்டில் போய், 2019 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள். பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை அதன் பார்வைக்குள் வரும். மதுரையும் வரும். பிரேசிலின் கிழக்குக் கரை உங்களுக்கு 12,000 கிலோமீட்டருக்கு மேல். இருபத்து நாலு மணி நேரமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் பேசலாம். நம் குரல் மேலே போய்த் திரும்பிக் கால் நொடி கழித்து நம் காதிலேயே விழும். முதல் தடவை பேச்சே குழறிவிடும்.

ஆனால் அதற்கு மேலே அனுப்ப வேண்டியது 2400 மெகாஹெர்ட்ஸில். உங்கள் லைசென்ஸோடு வந்த அலைவரிசைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு விரல் வைத்துப் படியுங்கள். 144 முதல் 146 இருக்கும், 434 முதல் 438 இருக்கும். 2400 அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் சேட்டிலைட்டை நீங்கள் கேட்கலாம், அதில் பேசக் கூடாது. "வைஃபை பேண்டுதானே சார், எல்லாருக்கும் ஃப்ரீ" என்பார் விற்பவர். வைஃபைக்குக் கொடுத்திருக்கும் விலக்கு, குறைந்த சக்தியை அகலமாகப் பரப்பி அனுப்பும் கருவிகளுக்கானது. தட்டு ஆன்டெனாவில் குவித்துக் குறுகிய சிக்னலாக மேலே அடிப்பதற்கு அது பொருந்தாது. மாட்டினால் அவர் மாட்டமாட்டார், லைசென்ஸில் இருக்கும் அடையாளப் பெயரான கால்சைன் உங்களுடையது.

சந்தேகம் இருந்தால் லைசென்ஸ் கொடுத்த துறைக்கே எழுதிக் கேளுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் ஒருமுறை இதைப் போன்ற ஒரு சந்தேகத்தை எழுதிக் கேட்டேன். பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: என் கடிதம் கிடைத்ததாம். அவ்வளவுதான். ஆனாலும் எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு மட்டும் என்றால் செலவு அதிகமில்லை. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கிட்டில் வரும் எல்என்பி (தட்டுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சின்னக் கருவி) பெரும்பாலும் நம்மூர் டிடிஎச் காரர்கள் மாட்டும் ரகம். அதன் உள்ளே 10600 மெகாஹெர்ட்ஸ்தான் அடிப்படை; வரும் அலைவரிசையிலிருந்து அதைக் கழித்துத்தான் கீழே அனுப்பும். க்யூஓ-100 இறக்குவதோ 10489.5 முதல் 10490 வரை. அது அடிப்படைக்கும் கீழே போய்விடுகிறது, ஒன்றும் கேட்காது. 9750 உள்ள யுனிவர்சல் எல்என்பி வேண்டும். அப்போது சிக்னல் 739.5-க்கு இறங்கும், கணினியில் செருகும் சின்ன ரிசீவரான சாதாரண எஸ்டிஆர் டாங்கிள் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, தட்டு. டிடிஎச் தட்டு இங்கே ஏறக்குறைய உச்சியைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். க்யூஓ-100 மதுரைக்கு மேற்கே, நேர் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி, சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கிறது. டிடிஎச் தட்டு ஆஃப்செட் ரகம், அதன் பார்வை முகத்துக்கு நேராக இல்லாமல் மேலே சாய்ந்திருக்கும். அதனால் அதைப் பிடிக்கத் தட்டைக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிறுத்த வேண்டும். எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல் நிற்கும். வரும் டிடிஎச் பையன் "சார், இப்படி வெச்சா ஒண்ணும் வராது" என்று திருப்பி மல்லாத்திவிட்டுப் போவான். பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். இன்னொன்று: ஜெர்மனி, இங்கிலாந்து வீடியோக்களில் எல்என்பி-யை நேராக மாட்டுவார்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அலை நமக்குப் படுத்துக்கொண்டு வருகிறது. எல்என்பி-யை எழுபது டிகிரிக்கு மேல் திருக வேண்டும், கிட்டத்தட்ட கால் சுற்று. கணக்கெல்லாம் வேண்டாம். 10489.750-இல் எப்போதும் ஒரு பீக்கன், அதாவது நிற்காத அடையாள சிக்னல், ஓடிக்கொண்டிருக்கும், அது உரக்கக் கேட்கும் வரை திருகுங்கள்.

அதற்கு முன்னால், ஒரு பைசா செலவில்லாத வழி. இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் க்யூஓ-100-ஐக் கேட்கும் ரிசீவர் ஒன்றை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். ஃபோனிலேயே கேட்கலாம். ஒரு வாரம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். யாராவது அளவுக்கு மீறிச் சக்தி கொடுத்தால் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஒரு சத்தம் அவர் சிக்னல் மேலேயே ஏறிக் கத்தும். லைலா என்று அதற்குப் பெயர். நிறைய பணம் போட்டுப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கியவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கும். உங்கள் ஆளின் கிட்டில் ஆம்ப்ளிஃபையர் எத்தனை வாட் என்று கேட்டீர்களா?

இனி நீங்கள் இன்றைக்குச் சட்டப்படி செய்யக்கூடியது. தாழப் பறக்கும் சேட்டிலைட்டுகள். இங்கே தூரத்தைத் தீர்மானிப்பது வாட் அல்ல, உயரம். சேட்டிலைட் உங்களுக்கும் எதிராளிக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் அதிகபட்சம் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் எட்டும். ரஷ்யாவின் ஆர்எஸ்-44 அதன் பாதையில் 1,200 முதல் 1,500 வரை ஏறி இறங்குகிறது, எனவே கிட்டத்தட்ட 8,000 வரை எட்டும். பிரேசில் எட்டாது, ஆனால் நீங்கள் கேட்ட வெளிநாடு இதற்குள் அடங்கிவிடும். இரண்டு பேருக்கும் அது அடிவானத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் அந்த 8,000. மேற்கே கட்டடம் மறைக்காத மொட்டைமாடி 85,000 ரூபாய் கிட்டைவிட மதிப்பானது. கையில் பிடிக்கும், வரிசையாகக் குச்சிகள் வைத்த யாகி ஆன்டெனாவுக்குச் சங்கத்தின் அனுமதி தேவையில்லை. பேசி முடித்ததும் கீழே எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

பழக, எஃப்எம் சேட்டிலைட். கையடக்க ரேடியோவும் ஐந்து வாட்டும் போதும். எஸ்ஓ-50, 2002 டிசம்பரில் போனது. முதலில் 145.850-இல் 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு (சிக்னலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலி, சேட்டிலைட்டுக்கு அதுதான் சாவி) இரண்டு நொடி அழுத்துங்கள், உள்ளே பத்து நிமிட டைமர் ஓடத் தொடங்கும். பிறகு 67 டோனில் பேச வேண்டும். கேட்பது 436.795. ஆனால் அது உங்களை நோக்கி வரும்போது 436.805-இல் கேட்கும், தாண்டிப் போகும்போது 436.785-க்கு இறங்கிவிடும். ரயில் ஹார்ன் கடந்து போகும்போது சுருதி இறங்குமே, அதே கதை. ஐந்து மெமரியில் ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாகப் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்குங்கள். மேலே போகும் அலைவரிசையைத் தொடாதீர்கள். எது உயிரோடு இருக்கிறது, எது ஓய்வெடுக்கிறது என்பதை ஹாம் சேட்டிலைட் அமைப்பான ஆம்சாட்டின் நிலவரப் பக்கத்தில் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் வயதானவை.

ஆர்எஸ்-44-க்கு எஃப்எம் போதாது, எஸ்எஸ்பி என்ற குறுகிய குரல் முறை வேண்டும். பேசும்போதே உங்கள் குரல் திரும்பி வருவதைக் கேட்கவும் வேண்டும். ஒரே ரேடியோவில் அனுப்பிக்கொண்டே கேட்கும் வசதி எல்லாவற்றிலும் கிடையாது. 'சேட்டிலைட் ரேடியோ' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதிலும் கிடையாது. கையில் இருக்கும் ரேடியோவில் அனுப்பி, டாங்கிளில் கேட்பது மலிவான வழி. இடைத்தரகரிடம் எதையும் வாங்காதீர்கள், அதுவும் பில் இல்லாமல், சீரியல் நம்பர் சுரண்டப்பட்டு, "இம்போர்ட் பேப்பர் அப்புறம் தர்றேன்" என்று வருவதை.

ஒரே ஒரு விலக்கு. காலமான ஹாம் ஒருவரின் ரேடியோ. காலமான ஹாமை சைலன்ட் கீ என்போம். ஐகாம் 910, கென்வுட் டிஎஸ்-2000 மாதிரி, அனுப்பிக்கொண்டே கேட்கும் அருமையான செட்டுகள் இப்படித்தான் வெளியே வருகின்றன. பையன்கள் அமெரிக்காவில், அம்மா மட்டும் வீட்டில், அது என்ன பெட்டி என்றே தெரியாது. தரகர்கள் மோப்பம் பிடித்து வந்து, பழைய இரும்பு விலைக்கு எடுத்து, உங்களைப் போன்றவரிடம் லட்சத்துக்குத் தள்ளுவார்கள். அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தை உங்கள் கிளப் மூலம் நேராகப் பாருங்கள். உரிமம் இல்லாதவர் ஒலிபரப்புக் கருவி வைத்திருக்கக் கூடாது என்பது 1933 சட்டத்திலிருந்தே இருப்பது. அதனால் அந்த அம்மாவுக்கும் அதை உரிமம் உள்ளவர் கையில் சேர்ப்பதுதான் நிம்மதி. காலமானவரின் கால்சைன், ரேடியோ மாடல், சீரியல் நம்பர், உங்கள் கால்சைன், தேதி எல்லாம் ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய லைசென்ஸ் நகல் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். அங்கேயே டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சுமை), வாட் மீட்டர் வைத்து 435 பக்கம் சக்தி வருகிறதா என்று பாருங்கள். பல வருடம் மூடிக் கிடந்த செட்டில் முதலில் போவது அதுதான். பேரம் பேசாதீர்கள். மைக்கையும் கையேட்டையும் மறக்காமல் வாங்கி வாருங்கள். அவர் யார் யாரோடு பேசினார் என்று குறித்து வைத்த லாக் புத்தகத்தை மட்டும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். நான் ஒரு வீட்டில் கேட்டுவிட்டேன், அந்த அம்மா அழுதுவிட்டார்.

இனி நிதி. புதிய சேட்டிலைட்டுக்குப் பணம் கொடுப்பது நல்ல காரியம்தான். நம் இந்திய ஹாம் சேட்டிலைட்டான ஹாம்சாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கம். 2005 மே 5, ஸ்ரீஹரிகோட்டா, கார்ட்டோசாட்-1 போன அதே பிஎஸ்எல்வி-சி6-இல் 42.5 கிலோவாக அதுவும் போனது. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர், அதாவது கேட்டதை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி. ஒன்று இந்தியத் தயாரிப்பு, மற்றது நெதர்லாந்தில் ஒரு மாணவர் செய்தது. இரண்டு வருடத்துக்கென்று அனுப்பியது 2014 ஜூலை வரை ஒன்பது வருடம் உழைத்தது. ஏறியது இஸ்ரோ தயவில், தனி ஆளிடம் பத்தாயிரம் வசூலித்து அல்ல. அதற்குப் பிறகு அந்த மாதிரி இன்னொன்றை அனுப்ப நமக்கு ஏன் இத்தனை வருடம் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

பணம் எங்கே தீர்ந்துபோகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்: பெரும்பாலும் செய்வதில் அல்ல, ஏற்றுவதில். ஜெர்மன் ஹாம்கள் பி3-இ என்று ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். தங்கள் கைக்கெட்டும் விலையில் ராக்கெட்டில் இடம் கிடைக்காமல் அது தரையிலேயே நின்றுவிட்டது. ஏஓ-40 என்ற பெரிய சேட்டிலைட், உலகம் முழுக்க ஹாம்கள் கொடுத்த பணத்தில், 2000 நவம்பரில் ஏரியன்-5-இல் ஏறியது. அடுத்த மாதமே இயந்திரக் கோளாறில் அடிபட்டு, 2004-இல் பேட்டரி போய் அடங்கியது. எதிர்க்கதையும் உண்டு: 1974 நவம்பர் 15-இல் போன ஏஓ-7, 1981-இல் பேட்டரி ஷார்ட்டாகிச் செத்து, 2002-இல் அதே ஷார்ட் திறந்துகொண்டதால் சூரிய ஒளி படும்போதெல்லாம் எழுந்து பேசத் தொடங்கியது. கொடுக்கும் பணம் ஒன்பது வருடம் ஓடும், ஒரு மாதத்திலேயே அடியும் படும். யாராவது இத்தனை வருட உத்தரவாதம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது புத்திசாலித்தனமான வழி, பிறர் முதுகில் ஏறுவது. கத்தாரில் நடந்தது அதுதான்; அந்நாட்டின் முன்னாள் துணைப் பிரதமர் அப்துல்லா பின் ஹமத் அல் அத்தியா தானே ஒரு ஹாம் என்பதால் டிவி சேட்டிலைட்டில் இடம் கிடைத்தது. நம்மூரில் பிஎஸ்எல்வி-யின் நான்காம் கட்டத்தை வீணாக்காமல் சோதனை மேடையாக விடுகிறார்கள். 2024 டிசம்பர் 30 அன்று போன பிஎஸ்எல்வி-சி60-இல் கர்நாடகத்துச் சிக்கபள்ளாபூர் கல்லூரி ஒன்றின் ஹாம் கருவி அப்படித்தான் ஏறியது.

கொடுக்க விரும்பினால் ஆம்சாட் அமைப்புகளின் உறுப்பினராகி நேராக அவர்கள் கணக்கில் கொடுங்கள். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடையாது என்று தெரிந்தே கொடுங்கள். உள்ளூர் அமைப்பு என்றால் பதிவு எண் போட்ட ரசீது. தனி ஆளின் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

அந்த ஆள் கட்டாயம் மறுபடி ஃபோன் செய்வார். சண்டை போட வேண்டாம். எந்த ஹாம் சேட்டிலைட்டும் ஏறுவதற்கு முன் உலக ஹாம் கூட்டமைப்பான ஐஏஆர்யூவிடம் அலைவரிசை ஒத்திசைவு கேட்க வேண்டும். கேட்டவர்கள் பட்டியலை யாரும் பார்க்கலாம். இந்தியாவில் செய்வதென்றால் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதியும் வேண்டும். "உங்கள் சேட்டிலைட் ஐஏஆர்யூ பட்டியலில் என்ன பெயரில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை லைனிலேயே இருங்கள்.