புரோக்கர் யாருடைய ஆள்?

கேள்வி: மதுரை அனுப்பானடியில் ஒரு பழைய வீடு பார்த்திருக்கிறோம். காட்டிய புரோக்கர், ஓனர் 42 லட்சத்துக்குக் கீழே இறங்க மாட்டார் என்கிறார். கமிஷன் எங்களிடம் இரண்டு சதவீதம், ஓனரிடமும் உண்டாம். அட்வான்ஸ் ஒரு லட்சத்தைத் தன் கையிலேயே ரொக்கமாகத் தரச் சொல்கிறார். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதா என்றால் சிரிக்கிறார். நம்பலாமா?
- வாசகி, திருநகர்

பதில்: அவர் சிரித்ததில் தப்பில்லை. 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டப்படி, பதிவான மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்றுத்தரும் ஏஜென்டுகள்தான் பதிவு செய்ய வேண்டும். குடியிருந்த வீட்டைக் கைமாற்றிவிட அது தேவையில்லை.

இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது இங்கே சகஜம். ஆனால் அவர் உங்களுக்காக விலையைக் குறைப்பார் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு லட்சம் குறைந்தால் உங்கள் பக்கத்திலேயே அவருக்கு 2,000 போச்சு! "எனக்கு 40 வந்தால் போதும், மேலே வருவது உன் சாமர்த்தியம்" என்று சொல்லிவிடும் ஓனர்களும் உண்டு. அப்படியானால் அந்த இரண்டு லட்சமும் அவருக்குத்தான், அதற்கு மேல் உங்கள் கமிஷன் வேறு. ஆகவே விலையை ஓனர் வாயால் கேளுங்கள். புரோக்கர்கள் ஓனரைக் கண்ணில் காட்டாததற்குப் பாதிக் காரணம், இரண்டு பேரும் சேர்ந்து தன்னைக் கழற்றிவிடுவார்கள் என்ற பயம். அப்படி நடக்காமலும் இல்லை, பாவம். "உங்கள் கமிஷன் நிச்சயம், ஓனரோடு உட்கார வையுங்கள்" என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள்.

அட்வான்ஸை அவர் கையில் கொடுக்கவே வேண்டாம். பணம் வாங்க ஓனர் அவருக்கு அதிகாரம் தராதபட்சத்தில், "என் கைக்கு வரவில்லை" என்று ஓனர் சொன்னால் நீங்கள்தான் அலைய வேண்டும். வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமானவரிச் சட்டமும் இடம் தரவில்லை. வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா மூன்றையும் பார்த்த பிறகு, ஓனர் பெயருக்கு செக் கொடுத்து அக்ரிமெண்ட் போடுங்கள்.

அப்புறம் கமிஷன். வீடு, நிலம் கைமாறும்போது இவ்வளவுதான் என்று சட்டத்தில் கணக்கில்லை, பேசி முடிப்பதுதான். வேறு பேச்சு இல்லையென்றால் வேலை முடிந்த பிறகே ஏஜென்டுக்குக் கூலி என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பத்திரப்பதிவு அன்று தருவதாக வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவரிடம் 'சரி' வாங்கிவிடுங்கள். டீக்கடையில் தகவல் சொன்னவர், கூட வந்தவர் என்று பங்காளிகள் முளைத்தால், அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த இரண்டு சதவீதம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.