போலராய்டைச் சுழற்றியும் வெளிச்சம் மாறவில்லையே, ஏன்?

கேள்வி: சொந்த ஊர் நகரி. சித்தூர் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காகத் தங்க நானோ தண்டுகளோடு ரோடமைன் 6ஜி சாயத்தைக் கலந்து கண்ணாடியில் பூசினேன். பச்சை எல்.இ.டி. பட்டால் நன்றாக ஒளிர்கிறது. ஆனால் போலராய்டை, அதாவது ஒரே திசையில் ஆடும் ஒளியை மட்டும் விடும் தாளை, சுழற்றினால் வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒளியின் மின்புலம் ஒரே திசையில் ஆடுவதைத் தளவிளைவு என்கிறார்களே, அதை உலோகம் கட்டுப்படுத்தும் என்பது நிஜம்தானா?

பதில்: நிஜம்தான். தண்டிலுள்ள எலெக்ட்ரான்கள் நீளவாக்கில்தான் வலுவாக ஆடும். பக்கத்துச் சாய மூலக்கூறு தன் ஆற்றலைத் தண்டிடம் கொடுக்க, தண்டு ஆன்டெனாவாகி அதை வெளிவிடும். மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், வெளிவரும் ஒளியின் மின்புலம் பெரும்பாலும் தண்டின் நீளத்தை ஒட்டியே இருக்கும். உங்கள் கண்ணாடியிலோ கோடிக்கணக்கான தண்டுகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன, நகரித் தறிக்குப் பாவு ஓட்டாமல் நூலைக் குவித்துப் போட்ட மாதிரி. மொத்தமாகப் பார்க்கும்போது தளவிளைவு காணாமல் போய்விடுகிறது.

அவற்றை வரிசைப்படுத்த, பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக்) பிலிமில் கலந்து, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு மெதுவாக இழுங்கள். போலராய்டுத் தாளே பி.வி.ஏ.வை இழுத்து அயோடின் ஏற்றிச் செய்வதுதான்.

சாயத்தையும் மாற்றுங்கள். ரோடமைன் 560 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் ஒளிரும். அங்கே தங்கம் ஒளியை விழுங்கும் வேலையைத்தான் அதிகம் செய்யும். நைல் புளூ என்ற சாயம் 670 பக்கம் ஒளிரும். அகலத்தைப்போல் இரண்டேகால் மடங்கு நீளமுள்ள தண்டின் ஒத்ததிர்வு, அதாவது எலெக்ட்ரான்கள் மிக வலுவாக ஆடும் அலைநீளம், பி.வி.ஏ.வுக்குள் ஏறக்குறைய அங்கேதான் வரும். எல்.இ.டி. 630 நானோமீட்டர் சிவப்பாக இருக்கட்டும். அதன் வெளிச்சம் கசியாமல் பில்டர் போடுங்கள்.

அப்புறம் தூரம். பலரும் சறுக்குவது இங்கேதான். தண்டிலிருந்து சுமார் 20 நானோமீட்டருக்கு அப்பால் உள்ள மூலக்கூறுக்குத் தண்டு இருப்பதே தெரியாது. 5 நானோமீட்டருக்குள் வந்தால், தங்கம் பெரும்பாலான ஆற்றலை வெப்பமாக்கிவிடும். வெறுமனே கலந்தால் பெரும்பாலான சாயம் தூரத்திலேயே நின்றுவிடும். தண்டுக்கு 10 நானோமீட்டர் அளவில் சிலிக்கா உறை போட்டு, அதன்மேல் நைல் புளூவைப் பிடிக்கவைத்து, மிச்சச் சாயத்தைக் கழுவிவிடுங்கள்.

தங்கம் இல்லாத சாய பிலிம் ஒன்றையும் கட்டாயம் அதேபோல் இழுத்து அளக்க வேண்டும். பி.வி.ஏ.வை இழுத்தால் சாய மூலக்கூறுகளும் கொஞ்சம் வரிசைக்கு வந்துவிடும். அந்தத் தளவிளைவைத் தங்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கிரேட்டிங்குக்கும் திசை பேதம் உண்டு. அதனால் போலராய்டை அசைக்காமல் பிலிமைச் சுழற்றுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, இரண்டு பிலிம்களின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறிக்கையில் கொடுங்கள்.