பதில்: முழுச் சீர்கேடு என்றால் மனுஷனுக்குத் தெரிவே இல்லையா?

பாறசாலை பிரதருக்கு, உங்க வாலிபர் கூட்டத்தில் சி.எஸ்.ஐ. பையன்கள் "மனுஷன் முழுக்கக் கெட்டவன், தேவன் தெரிந்தெடுத்தால்தான் உண்டு" என்றும், இரட்சணிய சேனைப் பையன்கள் "விரும்புகிற எவனும் வரலாம்" என்றும் மல்லுக்கு நிற்பதாக எழுதியிருந்தீங்க. சண்டை தப்பான இடத்தில் நடக்குது.

சேனையின் 11 உபதேசங்களில் 5-வதை வாசிக்கச் சொல்லுங்க. மனுஷர் முழுவதும் சீர்கெட்டவர்கள் என்றுதான் அதிலும் இருக்கு! விரும்புகிறவன் இரட்சிக்கப்படலாம் என்பது 6-வது. விரும்புகிற எவனும் வரலாம் என்ற பக்கத்துக்கு மூலமான டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் கட்சியார் 1610-இல் வைத்த ஐந்து கூற்றுகளில் 3-வதும் இதேதான்: கிருபையில்லாமல் மனுஷனால் நல்லதை நினைக்கக்கூட முடியாது. பிளவு 4-வதில். அந்தக் கிருபையை எதிர்த்துத் தள்ள முடியும் என்றார்கள். கால்வின் வழி நின்ற டச்சு சபையின் 1618-19 டார்ட் சங்கம் அதை மறுத்தது. "சொந்த பலத்திலேயே நல்லவனாகலாம்" என்பது பெலேகியு கொள்கை, 418-லேயே கார்த்தேஜ் சபைச் சங்கத்தில் தள்ளப்பட்டது. அந்தப் பட்டத்தைச் சேனைப் பையன் தலையில் கட்ட விடாதீங்க, கூட்டம் உடைந்துடும்.

அடுத்த வாரம் யோவான் 6:44 (பிதா இழுக்காவிட்டால் ஒருவனும் வரமாட்டான்), அப்போஸ்தலர் 7:51 (பரிசுத்த ஆவிக்கு எப்பொழுதும் எதிர்த்து நிற்கிறீர்கள்) இரண்டு மட்டும் போதும். தனக்கு இடிக்கிற வசனத்தை அவனவன் விளக்கணும். தேவன் தெரிந்தெடுத்தால்தான் என்கிற கால்வின் பக்கத்தான், எதிர்த்துத் தள்ளக்கூடிய வெளி அழைப்பு (காதில் விழும் பிரசங்கம்), தள்ள முடியாத உள் அழைப்பு (ஆவியானவர் உள்ளத்தில் செய்வது) என்று பிரிப்பான். மற்றவன் யோவான் 12:32-ஐ (எல்லாரையும் என்னிடத்தில் இழுத்துக்கொள்ளுவேன்) காட்டி, எல்லாருக்கும் முந்திவரும் கிருபை, அதாவது மனுஷன் விரும்புவதற்கு முன்பே தேவன் தரும் கிருபை, உண்டு என்பான். ரோமர் 9-ஐ இப்போ தொடாதீங்க. 11-ஆம் அதிகாரம் வரை சேர்த்து வாசிக்காமல் விட்டால் "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்ற இடத்திலேயே மாட்டிக்குவாங்க.