வாசகர் கேள்வி: சுற்றுவது ஒரு பக்கம், திரும்புவது இரு பக்கம்

பழைய சலவை இயந்திரங்கள் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

பழைய பங்களா ஒன்றின் சாமான் அறையில் மரப் பீப்பாய் ஒன்று கிடக்கிறது. மூடியின் உட்பக்கம், முக்காலி மாதிரி, முளைகள் அடித்த மரக்கட்டை தொங்குகிறது. வெளியே இருக்கும் சக்கரத்தை ஒரே பக்கமாகச் சுற்றினாலும் உள்ளே கட்டை இப்படியும் அப்படியும் திரும்புகிறது. எப்படி? ஏன் அப்படிச் செய்தார்கள்?
– வாசகர், பண்டாரவளை

‘ஏன்’ என்பதை முதலில் பார்ப்போம். உடுப்பில் இருக்கும் அழுக்கு வெளியேற வேண்டுமானால் நெசவுக்குள் சவர்க்காரத் தண்ணீர் புகுந்து வெளியே வர வேண்டும். அதற்குத் துணியும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று எதிராக நகர வேண்டும். கட்டையை ஒரே பக்கமாகச் சுற்றினால் சில சுற்றுகளிலேயே தண்ணீரும் துணியும் சேர்ந்து சுழல ஆரம்பித்துவிடும். பார்வைக்குப் பெரிய ஓட்டம், துணிக்கோ ஒன்றும் நடக்காது. போதாததற்குப் புடவையும் சாரமும் முளைகளில் கயிறாக முறுக்கிக்கொள்ளும். திடீரென்று திசை மாறினால்தான், தண்ணீர் போன வேகத்தில் போய்க்கொண்டிருக்க, முளைகள் துணியை எதிர்ப்பக்கம் இழுக்கும். வேலை நடப்பது அந்தத் திருப்பத்தில்தான்.

இனி ‘எப்படி’. சக்கரத்தின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு முளையாணி இருக்கும். அதிலிருந்து ஓர் இரும்புச் சட்டம் மூடியின் மேலாகப் போகும். சட்டத்தின் ஓரத்தில் பற்கள். அந்தப் பற்கள், கட்டையின் தண்டில் பூட்டிய சிறு பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். சக்கரம் சுற்றச் சுற்ற, சட்டம் முன்னும் பின்னும் போகும், தண்டு திரும்பித் திரும்பி வரும். ஆணி நடுவிலிருந்து 3 அங்குலம் தள்ளி இருந்தால் சட்டம் 6 அங்குலம் ஓடும். சிறு பல்சக்கரத்தின் விட்டம் 2 அங்குலம் என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய ஆறேகால் அங்குலம். ஆகவே கட்டை ஒரு முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்த் திரும்பும். உங்களுடையதை அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இந்த அமைப்பில் எங்களுக்குப் பிடித்தது, சட்டம் இரு முனைகளிலும் தானாகவே வேகம் குறைந்து நின்று திரும்புவதுதான். பற்களை உடைக்கிற அடி விழாது. சக்கரம் கனமாக இருப்பதும் வீண் அல்ல. கை ஒரு சுற்றில் எல்லா இடத்திலும் ஒரே பலத்தைக் கொடுக்காது, அந்தக் குறையைக் கனம் நிரப்புகிறது.

தண்டைக் கவனியுங்கள். அது சதுரமாக இருந்தால் பல்சக்கரத்தின் சதுரத் துளைக்குள் மேலும் கீழும் வழுக்க வேண்டும். உடுப்பு அதிகம் போட்டால் கட்டை தானாக உயரும், குறைவாகப் போட்டால் இறங்கும். துரு பிடித்து அது ஓர் இடத்தில் இறுகிவிட்டால் ஒன்று துணி கிழியும், இல்லாவிட்டால் கட்டை துணியைத் தொடாமல் தண்ணீரை மட்டும் கலக்கும். கிடைக்கும் பழைய இயந்திரங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த கோளாறு ‘டக் டக்’ சத்தம். திசை மாறும்போது பல்லின் மறுமுகம் சுமையை ஏற்கிறது. பல் தேய்ந்திருந்தால் இடைவெளி தட்டும். கொஞ்சம் தட்டினால் பரவாயில்லை. சட்டம் மேலே எழும்பிப் பல்லைத் தாண்டினால், குற்றம் பெரும்பாலும் பல்லில் இல்லை; சட்டத்தைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கும் சிறு உருளையோ அதன் ஆணியோ தேய்ந்திருக்கும். லேத் பட்டறையில் அந்த உருளையைப் புதிதாகக் கடைந்தால் போதும். கட்டை அரைச்சுற்றுக்கும் குறைவாகத் திரும்புகிற வகையானால் பல்சக்கரத்தைக் கழற்றி 180 பாகை மாற்றிப் பூட்டலாம். அதுவரை வேலை செய்யாத பற்கள் வேலைக்கு வரும்.

அதே மாதிரி ஒரு பீப்பாய் எங்களிடமும் இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் எல்லாப் பக்கமும் ஒழுகுகிறது. இடுக்குகளில் பசை அடைக்கலாமா?
– வாசகி, தலவாக்கலை

வேண்டாம். காய்ந்த பலகை சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இடுக்கில் பசையை அடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், ஊறும் பலகைக்கு விரிய இடமில்லாமல் இரும்புப் பட்டையை அறுத்துவிடும். முதலில் பட்டைகளை மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்குங்கள்; ஒரே இடத்தில் அடித்தால் சாயும். பிறகு தண்ணீர் நிரப்பி, ஒழுக ஒழுக ஊற்றிக்கொண்டே இரண்டு நாள் விடுங்கள். அதற்குப் பிறகும் ஒழுகுகிற இடத்தை மட்டும் ஆராய்ந்தால் உளுத்த பலகையோ வெடிப்போ தெரியும். பாவிக்காத நாட்களிலும் அடியில் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காற்றில் வெளியே வைத்தால் மறுபடி பிரியும். உட்பக்கத்தில் தாரும் பெயின்ட்டும் கூடாது.

சலவை இயந்திரத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார்? பொது அறிவுப் புத்தகங்களில் ஆளுக்கொரு பெயர் இருக்கிறது.
– மாணவி, பதுளை

ஒரே பெயரைக் கேட்கும் வினாத்தாள்மீதுதான் தவறு. ஜெர்மனியின் றீகன்ஸ்பேர்க் நகரில் யாக்கோப் கிறிஸ்டியான் ஷேஃபர் 1767 இல் ஓர் அமைப்பை வெளியிட்டார். இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் 1782 இல் சுழலும் கூண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிங் 1851 இல் உருளை வகையையும், ஹமில்டன் ஸ்மித் 1858 இல் சுழல் வகையையும் பதிவு செய்தார்கள். முளைக்கட்டை வகையை வீட்டுப் பொருளாக்கியவர் என்று 1874 இன் வில்லியம் பிளாக்ஸ்டோனைச் சொல்வார்கள்; மனைவியின் பிறந்தநாளுக்குச் செய்தார் என்பது கூடவே வரும் கதை. மின்சார இயந்திரத்தின் தந்தை என்று அல்வா ஃபிஷர் பெயரைப் போடுவது சரியல்ல. 1910 இல் அவர் பெற்ற காப்புரிமை இயக்கும் அமைப்புக்கானது. மோட்டார் பூட்டிய இயந்திரங்கள் அதற்கு முன்பே இருந்தன. அவருடைய இயந்திரத்திலும் முக்கியமான விஷயம் திருப்பம்தான்: துளையிட்ட உருளை ஒரு பக்கம் சில சுற்றுகள் போய், மறுபக்கம் தானாகத் திரும்பும்.

இயந்திரத்தில் எவ்வளவு உடுப்பு, எவ்வளவு சவர்க்காரம் போடுவது? கம்பளியும் போடலாமா?
– வாசகி, நுவரெலியா

தண்ணீரில் துணி தளர்ந்து மிதக்க வேண்டும். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதுவும் வேண்டாம். உங்கள் பக்கத்துத் தண்ணீர் மென்மையானது, ஆனால் குளிர்ந்தது. கட்டிச் சவர்க்காரத்தைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். அப்படியே போட்டால் கட்டியாகத் துணியில் ஒட்டும். நுரை பொங்கி நிற்பதைப் பார்த்து மகிழாதீர்கள். நுரை மெத்தையாகித் துணிக்கு விழ வேண்டிய அடியை வாங்கிக்கொள்ளும். பத்து, பதினைந்து நிமிடம் சுற்றினால் போதும். பீலிக்கரையில் கல்லில் அடிப்பதற்கு ஈடாக எதிர்பார்க்கக் கூடாது: கொலரையும் கைமடிப்பையும் முன்கூட்டியே கையால் தேய்த்துப் போடுங்கள்.

கம்பளி கூடாது. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். அதை மீட்க முடியாது.

பிழியும் இறப்பர் உருளைகள் இரண்டும் தட்டையாகி, பொத்தான்களை உடைக்கின்றன.
– வாசகர், மஸ்கெலியா

மேலே இருக்கும் திருகை இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்தி, உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். இறப்பர் இறுகி வெடித்திருந்தால், அச்சக உருளைகளுக்கு இறப்பர் வார்க்கும் பட்டறையில் கேளுங்கள். பழைய இரும்புத் தண்டையே கொடுத்து, பழைய விட்டத்தைச் சொல்லுங்கள். விட்டம் பெருத்தால் முனையில் உள்ள பல்சக்கரங்கள் விலகி நிற்கும். அவற்றின் பற்கள் நீளமாக இருப்பதே தடித்த துணி நுழையும்போது விலகினாலும் பிடி விடாதிருக்கத்தான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பொத்தான் உட்பக்கம் போகும்படி மடித்து, தட்டையாகக் கொடுங்கள். விரல், தலைமயிர், முந்தானை மூன்றும் எட்ட இருக்கட்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.

அமெரிக்காவில் செய்த பழைய மின் இயந்திரம் ஒன்று வாங்கலாமா? ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தால் ஓடுமா?
– வாசகர், கண்டி

ஓடும், சரியாக ஓடாது. ட்ரான்ஸ்ஃபோமர் 230 வோல்ட்டை 110 ஆக்கும். நமது 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. நிமிடத்துக்கு 1725 சுற்றுப் போகும் மோட்டார் ஏறக்குறைய 1425 ஆகக் குறையும், கூடுதலாகச் சூடாகும். உள்ளூர் மோட்டாரை மாற்றுவதே மேல். 1425 சுற்று மோட்டாரில் 2 அங்குலக் கப்பி, எதிரே 10 அங்குலக் கப்பி என்றால் 285. அதன் பிறகு 12 பல்லும் 72 பல்லும் கொண்ட சோடி சேர்ந்தால் 47 அல்லது 48. கட்டைக்கு அந்த வேகம் பொருத்தம். பல இயந்திரங்களில் மோட்டார் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும், ஒழுகினால் அதன் மேலேயே சொட்டும். துணி சுற்றிய பழைய வயரை முழுவதுமாக மாற்றி, உடலுக்கு எர்த் கொடுத்து, 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக மட்டும் இணையுங்கள்.

கொழுந்தெடுக்கும் உடுப்புகளைப் பீப்பாயில் போட்டால் புதிதாகக் கருப்புப் புள்ளிகள் வருகின்றன. சவர்க்காரம் கெட்டுவிட்டதா?
– வாசகி, ஹட்டன்

சவர்க்காரத்தில் குறையில்லை. கொழுந்துச் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும், பழைய காலத்து எழுத்து மையும் இதே வழியில்தான் செய்தார்கள். உங்கள் பீப்பாய்க்குள் எங்கோ துருப்பிடித்த இரும்பு துணியைத் தொடுகிறது. பெரும்பாலும் முளைக்கட்டையைப் பிடிக்கும் போல்ட்டும் வாசருமாக இருக்கும். பித்தளைக்கோ துருப்பிடிக்காத எஃகுக்கோ மாற்றுங்கள். சலவைச் சோடாவும் கொழுந்துக் கறையைக் கருக்க வைக்கும், ஆகவே சோடா போடும் முன் உடுப்பை வெறும் தண்ணீரில் அலசி எடுங்கள். வந்துவிட்ட புள்ளிக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாக அலசுங்கள். சாயத் துணியானால் ஓரத்தில் ஒரு துளி சோதித்துப் பார்த்த பிறகு.