போனில் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுநர். வீடு கட்டும்போது தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு அவகாசம் கேட்டதில் வாய்த்தகராறு ஆகி, கடன் கொடுத்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். கணவர் வெளிமாநிலத்தில் இருப்பதால், "நீயும் உன் மாமனாரும் வாருங்கள்" என்று போனிலேயே கூப்பிட்டார்கள். மூன்று முறை போனோம். கடைசி முறை மாலை ஐந்து மணிக்குப் போன எங்களை இரவு ஒன்பதரைக்குத்தான் விட்டார்கள். மாமனாருக்கு 64 வயது. அவருடைய செல்போனை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு, புறப்படும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருமையில் பேசினார்கள். 'பத்து நாளில் பணத்தைக் கட்டிவிடுகிறேன்' என்று எழுதிய தாளிலும், ஒன்றுமே எழுதாத இன்னொரு தாளிலும் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போகாமல் இருக்கலாமா? சட்டம் பேசினால் கோபத்தில் பொய் வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, 'போனிலேயே கூப்பிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, உங்கள் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மூன்று முறை அலைய வைத்திருக்கிறார்கள். நாலரை மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இரண்டு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட உங்களிடம் இல்லை. "இவர்களை நாங்கள் கூப்பிடவே இல்லையே" என்று நாளை ஒருவர் சொன்னால் உங்களிடம் காட்ட என்ன இருக்கிறது? என் இத்தனை வருட வக்கீல் தொழிலில் பார்த்த அத்துமீறல்களில் பெரும்பகுதி வாய்மொழியாகவே நடந்தது. எழுதித் தர வேண்டும் என்றாலே பலர் சற்று யோசிப்பார்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். 179 என்ற பிரிவு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் விவரம் அறிந்தவர் என்று ஒருவரை விசாரணைக்கு வரவழைக்க, எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதிலும் பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. பழைய சட்டத்தில் இந்த வயது 65 ஆக இருந்தது. அன்றைக்கு என்றால் உங்கள் மாமனாருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. இன்று உங்கள் இருவருக்குமே இருக்கிறது. கேள்வி கேட்க வேண்டுமானால் அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தாங்களாகவே நிலையத்துக்கு வர விரும்பினால் வரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. போன் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், "அவர்களே விரும்பி வந்தார்கள்" என்று எழுதிக்கொள்வது எளிது.

நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்குத்தான் இப்படி நடக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒடிசாவின் முதலமைச்சராக இருந்த நந்தினி சத்பதியையே விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அந்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம், ஒரு பெண்ணை நிலையத்துக்கு அழைத்தது சட்டத்தை மீறிய செயல் என்று வருத்தத்தோடு பதிவு செய்தது. தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை, விசாரணையின்போதே உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

இனி உங்கள் பயம். அதை வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். இரவு ஒன்பது மணிக்கு, ரைட்டர் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பிரிவு எண்களை அடுக்குவது புத்திசாலித்தனமும் அல்ல. சட்டம் பேச வேண்டாம், விவரம் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், நிலத் தகராறு ஒன்றில் இப்படித்தான் அடிக்கடி அழைக்கப்பட்டார். நான் சொன்ன பிரிவுகள் எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டார். நிலையத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுவார். பிறகு எதிரே இருப்பவரின் சட்டைப் பெயர்ப்பலகையை உற்றுப் பார்த்து, "ஐயா பேருக்கு ஒரு எழுத்தா, ரெண்டு எழுத்தா இனிஷியல்?" என்று பணிவாகக் கேட்டு அதையும் எழுதுவார். மூன்றாம் முறை பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நான்காம் முறை கூப்பிடவே இல்லை.

அடுத்த போன் வரும்போது நீங்களும் அதே பணிவோடு கேளுங்கள்: "ஐயா, எந்தப் புகார் சம்பந்தமாக? எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டதா, சி.எஸ்.ஆர். மட்டும்தானா? எண் சொல்லுங்கள். அழைப்பாணையைக் கொடுத்து அனுப்புங்கள். மாமனாருக்கு வயதாகிவிட்டது, வீட்டில்தான் இருப்போம், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்." (சி.எஸ்.ஆர். என்பது, வழக்குப் பதியாமல் புகார் வந்ததை மட்டும் பதிவேட்டில் குறித்துத் தரும் ரசீது.) வர மாட்டேன் என்று ஒரு சொல்கூட இதில் இல்லை, கவனித்தீர்களா? எஃப்.ஐ.ஆர். இல்லை, மனு விசாரணைதான் என்றால், 179-இன்படி அழைக்கும் அதிகாரமே அங்கே பிறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. புகார் உங்கள் கணவர்மீதுதான். நேரில் வரச் சொல்லி அவர் பெயரில் அதே சட்டத்தின் 35-வது பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் வந்தால் அவர் கட்டாயம் போக வேண்டும். அதை அலட்சியப்படுத்துவதே கைதுக்குக் காரணமாகிவிடலாம். ஒரு வக்கீலை அழைத்துக்கொண்டு, குறித்த நாளில் போகட்டும். அப்படியே கைது என்று வந்தாலும், கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ உள்ளூர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிய பணத்தைத் திருப்பித் தரத் தாமதமாவது மட்டுமே குற்றமாகிவிடாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் மோசடி. பாதிக்கு மேல் கொடுத்தவர்மீது அதைச் சொல்வது கடினம். கடன் கொடுத்தவருக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. காசோலை திரும்பியிருந்தால்கூட அந்த வழக்கு நடுவர் நீதிமன்றத்தில்தான் தொடுக்கப்படும். காவல்துறை கடன் வசூலிக்கும் அமைப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றமே பலமுறை கண்டித்திருக்கிறது. அதற்காக மீதியைக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். இனி கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள், நிலையத்தில் வைத்து ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது அந்த வெற்றுத்தாள்தான். விசாரணையில் காவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில்கூடச் சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181-வது பிரிவு. அப்படியிருக்க, எழுதாத தாளில் எதற்குக் கையெழுத்து? அதில் எதையும் நிரப்புவதற்கு முன் உங்கள் தரப்பு பதிவாகிவிட வேண்டும். மாமனார் பெயரில் காவல் கண்காணிப்பாளருக்கு (மாநகரம் என்றால் ஆணையருக்கு) ஒரு மனு எழுதுங்கள். எந்தெந்த நாள் போனீர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருந்தீர்கள், யார் பேசினார், எந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது, எது வெற்றாக இருந்தது என்பது மட்டும் போதும். வசைகளும் அழுகையும் வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; ஒரு நகலை மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் அனுப்புங்கள். அங்கே ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ஒரு காலத்தில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் நாங்கள் முதலில் ஓடியது தந்தி அலுவலகத்துக்குத்தான்; தேதியும் நேரமும் அச்சாகி நிற்குமே! 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. எனக்கு இன்றும் அந்தக் குறை உண்டு.

மனுவில் இன்னொரு வரியும் இருக்கட்டும்: 'குறிப்பிட்ட நாட்களின் கேமரா பதிவுகளை அழியாமல் பாதுகாக்க வேண்டுகிறேன்.' எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, விசாரிக்கப் போன நடுவர் கண்டது, பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை. அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டுப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இரண்டாம் முறை போன தேதி நினைவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் போனின் அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். அவர்கள் கூப்பிட்ட எண், நாள், நேரம் எல்லாம் அதில் இருக்கும். புதிய அழைப்புகள் சேரச் சேரப் பழையவை மறைந்துவிடும். இதைப் படித்து முடித்ததும் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிடுங்கள்.