வாசகர் கேள்வி–பதில்: பரந்தனிலிருந்து முக்திநாத்துக்கு

கேள்வி: கணவர் வயல் செய்கிறார், நான் ஆசிரியை. எங்களுடன் இருக்கும் மாமிக்கு 67 வயது, பிறஷருக்குக் குளிசை எடுப்பவர். நேபாளத்தின் மலைக்கோயிலான முக்திநாத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆகஸ்ட் விடுமுறையில் ஐந்தே நாட்களில் நேபாளத்தைச் சுற்றிக் காட்டி, முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோம் வரை விமானத்தில் கூட்டிச்செல்வதாக ஒரு முகவர் சொல்கிறார். இந்த ஆண்டு எங்களுக்குச் சிறுபோகமும் இல்லை. நம்பிப் போகலாமா?
– வாசகி, பரந்தன்

பதில்: போகலாம். ஆனால் ஆகஸ்டில் வேண்டாம். ஐந்து நாட்களிலும் வேண்டாம்.

ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை நேபாளத்தில் பருவமழை. மலைகள் முகிலுக்குள் மறைந்திருக்கும். காத்மண்டுவிலிருந்து, முக்திநாத்துக்குப் போகும் வழியில் உள்ள பொக்காரா செல்லும் வீதி மண்சரிவால் அடைபட்டு, மணித்தியாலக்கணக்கில் வாகனத்துக்குள்ளேயே இருக்க நேரலாம். வானம் மிகத் தெளிவாக இருப்பது ஒக்டோபரிலும் நவம்பரிலும்தான். ஆனால் காலபோகம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் அந்த நாட்களில் வயலை விட்டு வாருங்கள் என்று வன்னியில் ஒருவரிடம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே அருவிவெட்டு முடிந்து, நெல்லும் கைமாறிய பின்னர் வரும் சித்திரை விடுமுறையே உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது. அப்போது மலைச்சரிவுகளில் நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸ் சிவக்கச் சிவக்கப் பூத்திருக்கும். பகலில் புகார் படர்வதுண்டு என்பதால் மலைகளைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். நேபாளியரின் புத்தாண்டும் ஏப்ரல் நடுப்பகுதியில்தான் வருகிறது. அறைகளையும் வாகனத்தையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். அதற்குள் திரும்பிவிடுவதால், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு மாமி ஊரில் இருப்பார்.

ஐந்து நாள் திட்டத்தை நான் மறுப்பதற்குக் காரணம் உயரம். நாங்கள் சமதரையில் வாழ்பவர்கள். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலவே 2,524 மீற்றர்தான். முக்திநாத்தோ 3,700 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதன் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைகிறது. நான் அக்காவுடன் போனபோது, கீழே வாங்கிய பிஸ்கட் பைக்கற் பையை விட்டு எடுத்தபோது பலூனைப் போல ஊதிப்போய் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அக்காவின் தலையிடிக்குக் காரணம் என்னவென்று விளங்கிக்கொண்டேன். அன்றிரவு அவருக்குச் சத்தியும் தொடங்கியது. விடிந்ததும் கீழே இறங்கினோம். ஆயிரம் மீற்றர் அளவு இறங்கிய பின்னர் அவர் தானாகவே தேநீர் கேட்டார். நாங்கள் நாளை மிச்சம் பிடிக்க எண்ணிப் பொக்காராவிலிருந்து நேரே விமானத்தில் ஏறியதே தவறு. 820 மீற்றரில் இருக்கும் ஊரிலிருந்து 2,700 மீற்றரில் இருக்கும் ஜோம்சோமுக்கு அந்த விமானம் இருபது நிமிடமளவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அதற்குள் உடல் பழக முடியாது. ஜோம்சோம் இருக்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பின்னர் காற்று பலமாக வீசுவதால் அந்த விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. இரத்தாகும் நாட்களும் உண்டு.

எனவே பத்து நாட்களாவது ஒதுக்குங்கள். ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரமுள்ள காத்மண்டுவில் இரண்டு நாள் தங்கிப் பசுபதிநாதரைத் தரிசியுங்கள். அங்கே வாக்மதி ஆற்றங்கரையில் வெளிப்படையாகவே சிதைகள் எரியும். மாமியிடம் முன்னரே சொல்லி வையுங்கள், படம் எடுக்காதீர்கள். அடுத்து பொக்காராவில் இரண்டு இரவு. பிறகு ஜீப்பில் புறப்பட்டு, வெந்நீரூற்று உள்ள தாத்தோபானியில் ஓர் இரவும் ஜோம்சோமில் இரண்டு இரவுகளும் தங்குங்கள். ஜோம்சோமில் இரண்டாம் நாள் காலை முக்திநாத்துக்கு ஏறித் தரிசனம் முடித்து, இரவு உறங்க மறுபடியும் ஜோம்சோமுக்கே இறங்கிவிடுங்கள். பகலில் உயரே போய் வந்தாலும் இரவில் தாழ்வான இடத்தில் உறங்குவதுதான் உடலுக்குக் காப்பு. நாடு திரும்பும் விமானத்துக்கு முன்னர் ஒரு நாளை வெறுமனே விட்டு வையுங்கள்.

பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் சாளக்கிராமம் என்று பாடிய தலம் இது. கோயிலின் பின்புறம் 108 தாரைகளில் பனி உருகிய நீர் கொட்டுகிறது. பக்தர்கள் எல்லாத் தாரைகளின் கீழும் ஓடி நனைவார்கள். பிறஷர் உள்ளவர் அப்படி நனைய வேண்டாம். கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். ஜீப் நிற்குமிடத்திலிருந்து நடையும் படிகளும் உண்டு. மெதுவாக ஏற விடுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே மாமியை வைத்தியரிடம் காட்டி, இந்த உயரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லி ஆலோசனை பெறுங்கள். உயரத்தால் வரும் நோய்க்குக் கொடுக்கும் அசெற்றசோலமைட் குளிசையை அவர் சொல்லாமல் வாங்காதீர்கள். தலையிடி, குமட்டல் எது வந்தாலும் மேலே ஏறாமல், குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். தள்ளாட்டம் வந்தால் உடனேயே இறங்க வேண்டும். தரிசனம் கிடைக்காமல் போனாலும் இறங்கத்தான் வேண்டும்.

சார்க் நாட்டவர் என்பதால் ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா உங்களுக்கு இலவசம். இந்தியாவில் விமானம் மாறுவதாயின் முழுப் பயணத்தையும் ஒரே பயணச்சீட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்துப் பொதிகளைப் பெற வெளியே வர நேர்ந்தால் இந்திய விசா தேவைப்படும்.

கேள்வி: எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்துள்ளது. எவரெஸ்ற் அடிவார முகாமுக்கு நடந்து போய் வர முடியுமா?
– வாசகர், வவுனியா

பதில்: வவுனியாவிலிருந்து போய் வரும் நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் முடியாது. முகாம் 5,364 மீற்றரில் உள்ளது. நடை தொடங்கும் லுக்லாவிலிருந்து நடந்து திரும்பவே வழமையாகப் பன்னிரண்டு நாட்களளவு செல்லும். 3,440 மீற்றரில் உள்ள நாம்சே பஜாரில் ஒரு நாள் ஓய்ந்து உடலைப் பழக்காமல் மேலே போவது ஆபத்து. உங்கள் லீவுக்குப் பொக்காராவிலிருந்து பூன் ஹில் வரையான நடை அளவானது. 3,210 மீற்றர் உயரத்தில் நின்று தவுளகிரி மலையில் வெயில் விழுவதைப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் வழிகாட்டியுடனேயே நடக்க வேண்டும் என்பது விதி. ஹெலிகொப்ரர் மீட்பையும் உள்ளடக்கிய காப்புறுதி எடுக்காமல் புறப்படாதீர்கள்.

கேள்வி: நேபாளத்துக்குப் பதிலாகப் பூட்டானுக்குப் போவது மலிவா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: இல்லை. 2023 செப்டெம்பரில் பாதியாகக் குறைக்கப்பட்ட பின்னரும், இலங்கையர் உட்பட வெளிநாட்டவரில் வளர்ந்தவர் ஒருவர் ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டொலர் அந்நாட்டு அரசுக்குக் கட்ட வேண்டும். இந்தியருக்குக் குறைந்த கட்டணம். மூன்று பேர் ஆறு இரவு தங்கினால், ஹோட்டலும் சாப்பாடும் சேராமலே 1,800 டொலர். அந்தப் பணம் கையில் இருந்தால் தயங்காமல் போங்கள். பாரோ பள்ளத்தாக்கில் குன்றின் விளிம்பை ஒட்டி நிற்கும் புலிக்கூடு எனப்படும் பௌத்த மடத்துக்கு ஏறும் நாளை உடல் நன்கு பழகிய கடைசி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.