பூக்கடை மருவில் கஷாயம் போடலாமா?

கதம்பத்துக்கு வாங்கும் மருவையே கஷாயத்துக்கும் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பூச்சந்தைக்கு வருவது மாலை தொடுக்கப் பயிரானது; கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. கழுவினால் போய்விடும் என்றும் நம்ப முடியாது. போதாததற்கு, மரு கேட்டால் மரிக்கொழுந்தைத் தூக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அது செவ்வந்தி இனம். சாம்பல் பூத்த இலை, நார்நாராகப் பிளந்திருக்கும். மரு துளசி இனம். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் நாலு பட்டை தட்டுப்படும். இலை சின்னதாக, முட்டை வடிவில், மெத்தென்ற பூனைமயிரோடு எதிரெதிராக இருக்கும்.

கொத்து வீணாக வேண்டாம். முற்றாத தண்டாக நாலு விரற்கடை கிள்ளி, அடி இலைகளை உருவிவிட்டு மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். வேர் பிடித்துப் புதிதாக விடும் துளிர்தான் மருந்துக்கு. வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. கஷாயம் எப்படிப் போடுவது?

காய்ந்த இலை ஒரு டீஸ்பூன். அடுப்பை அணைத்தபின் ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு, 10 நிமிடம் மூடிவைத்து வடிகட்டிக் குடியுங்கள். இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும், வீடுதான் மணக்கும். உப்புசம் வாரக்கணக்கில் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு) மரு டீ நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அதன் மூலம் 2016-இல் வெளியான ஒரு ஜோர்டான் ஆய்வு. பங்கேற்றவர்கள் 25 பெண்கள்; ஒரு மாதம், தினம் இரண்டு வேளை டீ. குடித்தவர்களுக்கு இன்சுலின் அளவு குறைந்தது நிஜம்தான். ஆனால் அது வெள்ளோட்டம், அவ்வளவே. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ இந்த டீயே வேண்டாம். சமையலில் ஒரு சிட்டிகை சேர்ப்பது வேறு விஷயம்.

மூன்று வயதுக் குழந்தைக்கு மரு போட்டு ஆவி பிடிக்கலாமா?

கூடவே கூடாது. பயம் இலையால் அல்ல, வெந்நீரால். பாத்திரம் கவிழ ஒரு நொடி போதும்.

தலைவலிக்கு மருவின் வாசனை எண்ணெயை நெற்றியில் தடவலாமா?

அப்படியே தடவினால் தோல் எரியும். 30 மி.லி. தேங்காயெண்ணெயில் 6 சொட்டுக்கு மேல் வேண்டாம். என்னைக் கேட்டால், பச்சை இலையைக் கசக்கி முகர்ந்தாலே போதும், செலவும் இல்லை.